உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டு பில் போடுங்க

போன இதழ்ல துணி பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் போட்டேன், அவ்வளவுதான், அதுக்கப்புறம் வந்ததெல்லாம் துணிக் கேள்விதான். சமையல் சந்தேகம் கேட்டவங்க மன்னிக்கணும், இந்த தடவை முழுக்க துணிதான். என்னைப் பத்தி தெரியாத புது வாசகர்களுக்கு, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல பதினோரு வருசம் நின்னவ, இப்ப வீட்டுலயே ரெண்டு மெஷின் போட்டு தைக்கிறேன்.

கேள்வி: அக்கா, 199 ரூபா டி-ஷர்ட்டும் 499 ரூபா டி-ஷர்ட்டும் கடையில பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா சீப்பா வாங்கினது நாலு துவைப்புல சைடு தையல் வயித்துக்கு நேரா வந்து நிக்குது. நான் குண்டாயிட்டேனா, துணி கோணிக்குச்சா? – வாசகர், விழுப்புரம்

பதில்: நீங்க குண்டானது எனக்கு எப்படி தம்பி தெரியும், ஆனா துணி கோணிக்குச்சு, அது நிச்சயம். டி-ஷர்ட்டுக்குப் போடற பனியன் துணி தறியில நெய்யறது இல்ல, வளையம் வளையமா பின்னறது. நூலை முறுக்கித்தான் செய்யறாங்க, அந்த முறுக்கு தண்ணி பட்டதும் பிரிய பாக்கும், அப்ப வளையமெல்லாம் ஒரு பக்கமா சாயும், துணி மொத்தமா திரும்பிரும். நல்ல கம்பெனியில துணியை நனைச்சு, காய வெச்சு, சுருங்க வேண்டியதை முன்னாடியே சுருங்க விட்டு, கொஞ்ச நேரம் சும்மா கிடக்க விட்டுத்தான் கட்டிங் போடுவாங்க. அவசர ஆர்டர்னா எங்க நேரம், ரோலைப் பிரிச்சு உடனே வெட்ட வேண்டியதுதான், அது உங்க வீட்டு வாளியில வந்து சுருங்கும்.

கடையிலயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. டி-ஷர்ட்டோட ரெண்டு தோளையும் ஒண்ணா சேத்து பிடிச்சு தொங்க விடுங்க, சைடு தையல் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு நேரா விழணும். துவைக்கறதுக்கு முன்னாடியே அது கோணலா தொங்குச்சுன்னா அப்படியே ஹேங்கர்ல திருப்பி மாட்டிட்டு வந்துருங்க.

விலை வித்தியாசத்துக்கு முக்கியமான காரணம் எடை. பனியன் துணியை மீட்டர் கணக்குல வாங்க மாட்டாங்க, கிலோ கணக்குதான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்குங்கறதுதான் ஜிஎஸ்எம். 180 ஜிஎஸ்எம் துணியில கிலோவுக்கு நாலு அஞ்சு பீஸ் தேறும்னா 140ல இன்னும் ஒண்ணு கூட தேறும், அந்த ஒரு பீஸ்தான் அவங்களுக்கு லாபம். தினம் போட்டு துவைக்கிறதுக்கு 160 முதல் 180 வரைக்கும் இருந்தா போதும், நம்ம ஊரு வெயிலுக்கு 220, 240 எல்லாம் போர்வை மாதிரி இருக்கும், அதைப் போட்டுட்டு மே மாசத்துல பஸ்ல நிக்கற பசங்களைப் பாத்தா எனக்கே வேர்க்குது. லேபிள்ல எழுதியிருந்தா பாருங்க, எழுதலைன்னா உள்ளங்கையை உள்ளார விட்டு வெளிச்சத்துல பிடிங்க, ரேகை தெரிஞ்சா வேண்டாம்.

அப்புறம் உள்பக்கம் திருப்புங்க. இதைத்தான் நான் பதினோரு வருசம் பண்ணினேன், ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ்னு கணக்கே இல்ல. கழுத்துக்குப் பின்னாடி ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோளுக்கு பட்டி வெச்சு தைச்சிருந்தா கழுத்து தொங்காது. ஓவர்லாக், அதாவது துணி ஓரம் பிரியாம போடற தையல், நெருக்கமா விழுந்திருக்கணும், தையலுக்கு ரெண்டு பக்கமும் துணியைப் பிடிச்சு லேசா இழுத்தா நடுவுல இடைவெளி விழக்கூடாது. அங்கங்க நூல் பிசிறு தொங்குதுன்னா செக்கிங்ல ஆள் இல்ல, இல்ல ஆள் இருந்தும் டார்கெட் கழுத்தை நெரிச்சிருக்குன்னு அர்த்தம். 499க்கு விக்கறதுலயும் இதெல்லாம் நான் பாத்திருக்கேன், அதனால விலையைப் பாத்து ஏமாறாதீங்க.

கேள்வி: திருப்பூர் காதர்பேட்டைக்கும் ஈரோடு சந்தைக்கும் போனா பாதி விலைக்கு வாங்கலாம்னு சொல்றாங்க. மதுரையில இருந்து கிளம்பி வர்றது லாபமா? – வாசகி, மதுரை

பதில்: உங்க ஒரு வீட்டுக்கு மட்டும்னா பஸ் சார்ஜுக்கே சரியாப் போயிரும்ங்க. அக்கம்பக்கம் நாலு வீடு சேந்து, தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவைன்னா வரலாம். காதர்பேட்டை திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம்தான். எக்ஸ்போர்ட் ஆர்டர்ல மிஞ்சின சரக்கு, ஆர்டர் கேன்சல் ஆனது, செக்கிங்ல தள்ளினது எல்லாம் அங்க வரும். மிஞ்சினது வேற, தள்ளினது வேற. மிஞ்சினதுன்னா நல்ல பீஸ், லேபிளை மட்டும் வெட்டியிருப்பாங்க. தள்ளினதுன்னா ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஒரு கை மட்டும் கலர் மாறினது, இப்படி ஏதாச்சும் இருக்கும். கடைக்காரர் ரெண்டையும் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’னுதான் சொல்லுவாரு, ஒவ்வொண்ணா விரிச்சு வெளிச்சத்துல பாக்கறது உங்க வேலை. சைஸ் நம்பி வாங்காதீங்க, வெள்ளைக்காரங்க ஊரு எம் நம்ம ஊரு எல் மாதிரி இருக்கும்.

ஈரோடு கனி மார்க்கெட் திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கற வாரச் சந்தை. லுங்கி, துண்டு, பெட்ஷீட், நைட்டி, உள்பாவாடை இதுக்கெல்லாம் நல்ல இடம். மொத்த வியாபாரம்ங்கறதால ஒண்ணு ரெண்டு கேட்டா முகத்தைத் திருப்பிக்கற கடையும் இருக்கு, செவ்வாய் காலையில போனா கொஞ்சம் சாவகாசமா பேசுவாங்க. திரும்பக் கொடுக்கறது, மாத்தறது எல்லாம் நடக்காது, அதை மனசுல வெச்சுக்கிட்டு வாங்குங்க.

கேள்வி: டீச்சரா இருக்கேன். வாரத்துல அஞ்சு நாள் காட்டன் சேலைதான். கடையில 60 கவுண்ட், 80, 100ன்னு சொல்றாங்க, 100தான் உசத்தியா? அப்புறம் கைத்தறின்னு சொல்லி விசைத்தறி தர்றாங்களே, எப்படி கண்டுபிடிக்கிறது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: டீச்சரம்மாவுக்கே பாடம் எடுக்கறேன். ஒரு பவுண்டு எடையில, ஒவ்வொண்ணும் 840 கெஜம் நீளமுள்ள நூல் கண்டு எத்தனை வருதோ அதுதான் கவுண்ட். அப்ப நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். 100 உடம்புக்கு மெத்துனு இருக்கும், விலையும் ஜாஸ்தி, ஆனா மெலிசு நூல் உழைப்பு கம்மி. போர்டுல எழுதி, சாக்பீஸ் தூசி தட்டி, பஸ்ல இடிபட்டு வர்ற சேலைக்கு 80 சரியா இருக்கும், 60 இன்னும் கெட்டி, கஞ்சி போட்டா நிக்கும்.

கைத்தறிக்கு, கரை ஓரத்தை உத்துப் பாருங்க. நெய்யும்போது துணி உள்ள சுருங்காம இழுத்துப் பிடிக்க, ரெண்டு முனையிலயும் ஊசி வெச்ச குச்சியை மாட்டுவாங்க, அது குத்தின சின்னச் சின்ன ஓட்டை கரையோரமா வரிசையா தெரியும். இது மட்டுமே போதும்னு சொல்ல மாட்டேன், ஆனா முதல்ல அங்க பாருங்க. ஹேண்ட்லூம் மார்க் லேபிள் இருந்தா இன்னும் நிம்மதி. கோ-ஆப்டெக்ஸ் 1935ல இருந்து இருக்கற நெசவாளர் கூட்டுறவு, தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி போடுவாங்க, மாசாமாசம் பணம் கட்டி வாங்கற திட்டமும் இருக்கு. டிஸ்ப்ளே கொஞ்சம் அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கும்தான், பொறுமையா எடுத்துப் போடச் சொல்லிக் கேளுங்க, உள்ளார இருந்து நல்லது வரும்.

இன்னொண்ணு, சேலையை முழுசா பிரிச்சு அளக்கச் சொல்லுங்க. ப்ளவுஸ் இல்லாம அஞ்சரை மீட்டர் இருக்கணும். சீப்பா கிடைக்குதேன்னு நான் ஒரு தடவை மூணு சேலை வாங்கிட்டு வந்து வீட்டுல டேப் வெச்சா அஞ்சேகாலுக்கும் கீழ, கொசுவம் மூணு மடிப்புக்கு மேல வரல. இப்ப மூணும் ஜன்னல் ஸ்க்ரீனா தொங்குது.

கேள்வி: ஆடித் தள்ளுபடியை நம்பலாமா? – வாசகர், சேலம்

பதில்: பழைய ஸ்டாக்கைத் தள்ளறதுக்கு வர்ற ஆடி நல்ல ஆடி. ஆடிக்குன்னே இறக்கற சரக்கு வேற, அது தள்ளுபடி விலையை மனசுல வெச்சே தைச்சது, அதுல தள்ளறதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு வாரம் முன்னாடியே போய் பிடிச்சதை போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா அப்ப என்ன விலை, இப்ப என்ன விலைன்னு தெரிஞ்சுபோகும். எம்ஆர்பின்னு அச்சடிச்சது எல்லா வரியும் சேத்த விலை. தள்ளுபடி போட்டதுக்கு மேல ‘ஜிஎஸ்டி தனி’ன்னு பில்லுல ஏத்தினா கேளுங்க, மழுப்பினா நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் 2025 செப்டம்பர் 22ல இருந்து வரி சேக்காம ஒரு பீஸ் 2500 ரூபா வரைக்கும் உள்ள ரெடிமேட் துணிக்கு 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி, அதுக்கு மேல போனா 18. அந்த எல்லைக்குப் பக்கத்துல விலை உள்ள சுடிதாரை கையில வெச்சு யோசிக்கறவங்களுக்காக சொல்றேன்.

கேள்வி: ஆன்லைன்ல வாங்கினா ஒண்ணு லூசு, இல்ல டைட்டு. ஒரு தடவை ‘காட்டன்’னு போட்டு வந்தது போட்டா வேர்த்து கொட்டுது. – வாசகி, சென்னை

பதில்: உங்களுக்கு சரியா இருக்கற குர்தி ஒண்ணை கட்டில்ல விரிச்சு, ஒரு அக்குள்ல இருந்து இன்னொரு அக்குளுக்கு டேப் பிடிங்க, வர்றதை ரெண்டால பெருக்குங்க, அதுதான் நீங்க தேட வேண்டிய அளவு. ஆனா சைஸ் சார்ட்ல இருக்கறது துணி அளவா உடம்பு அளவான்னு பாத்துக்குங்க, ரெண்டுக்கும் மூணு நாலு இஞ்ச் வித்தியாசம் வரும், பாதிப் பேரு இங்கதான் கோட்டை விடறாங்க. மேல ‘காட்டன்’னு பெருசா போட்டுட்டு கீழ விவரத்துல ‘காட்டன் ப்ளெண்ட்’னு பொடி எழுத்துல இருக்கும், காட்டனோட வேற நூலும் கலந்ததுன்னு அர்த்தம், நம்ம அப்பா காலத்து டெரிகாட்டன் மாதிரி. ரேயான் தொட்டா வழுவழுன்னு குளுகுளுன்னு இருக்கும், நனைஞ்சா சுருங்கும், ஈரத்துல பலமும் குறையும், முறுக்கிப் பிழியாதீங்க. சந்தேகம்னா உள்தையல் ஓரத்துல, தையல் நூலை விட்டுட்டு துணியில இருந்தே ரெண்டு நூலை உருவி, சிங்க் மேல வெச்சு கொளுத்துங்க. காகிதம் எரியற வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தா காட்டனோ ரேயானோ, உருகி கடுகு மாதிரி கெட்டியா உருண்டா பாலியஸ்டர். இதை திருப்பி அனுப்பற தேதிக்குள்ள பண்ணுங்க, வந்த பொட்டலத்தை ஒரு மாசம் பீரோவுல வெச்சுட்டு அப்புறம் எனக்கு எழுதாதீங்க.

கேள்வி: கறுப்பு, மெரூன் துணி எது வாங்கினாலும் சாயம் போகுது. கல்லுப்புல ஊற வெச்சா நிக்குமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: உப்பு சாயப் பட்டறையில உபயோகம்தான், சாயம் நூல்ல ஏற உப்பு போடுவாங்க. ஏறாம மேல ஒட்டிக்கிட்டு இருக்கற சாயத்தை வீட்டு உப்பு ஒண்ணும் பண்ணாது. கைக்குட்டை ஓரத்தை நனைச்சு துணியோட உள்பக்கத்துல, தெரியாத இடத்துல அழுத்தித் தேயுங்க. லேசா பிடிச்சா முதல் ரெண்டு மூணு துவைப்பு தனி வாளி, பச்சத் தண்ணி, உள்பக்கம் திருப்பி நிழல்ல காய வெச்சா சமாளிச்சுரலாம். கைக்குட்டை நல்லாவே கலர் மாறிச்சுன்னா அந்தக் கடையில டீ குடுத்தாலும் உக்காராதீங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் 12 வருசமா ஒரே சைஸ் பனியன்தான் வாங்கறார், 85. அது வயித்துக்கு மேலேயே நின்னுருது. பழசையும் தூக்கிப் போட விட மாட்டேங்கறார். – பேர் வேண்டாம், கோவை

பதில்: அந்த 85ங்கறது மார்போட சுத்தளவு, சென்டிமீட்டர்ல. அவர் தூங்கும்போது டேப் வெச்சு அளந்துருங்க, 95 வந்தா 95 வாங்கி லேபிளை வெட்டிட்டு கொடுங்க, அவருக்குத் தெரியவா போகுது. பழசை தூக்கிப் போட வேண்டாம், அவர் சொல்றது சரிதான். லாரி பட்டறையில கை துடைக்கறதுக்குன்னே எங்க ஊர்ல இருந்து பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையா போகுது, உங்களுக்கு வீட்டுலயே இருக்கு. தையலைப் பிரிச்சு நாலா வெட்டி ரெண்டு துண்டை அவர் வண்டி சீட்டுக்கு அடியில வெச்சுருங்க.