டாக்டர் மகன் ஸ்ட்ரைக்ல நிக்கிறான், அவங்க அப்பா பேச மாட்டேங்கிறார்!

கேள்வி: எங்களுக்கு ஒரே பையன், 28 வயசு. இங்க எம்.பி.பி.எஸ். முடிச்சு, வெளிநாட்டு டாக்டருங்களுக்கு இங்கிலாந்துல வைக்கிற பிளாப் பரீட்சை எழுதி, அங்க லீட்ஸ்ல அரசாங்க ஆஸ்பத்திரில மூணு வருஷமா டாக்டரா இருக்கான். 2025 ஜூலைலயும் நவம்பர்லயும் அஞ்சஞ்சு நாள் ஸ்ட்ரைக்ல கலந்துகிட்டான். ஆஸ்பத்திரி வாசல்ல ஆரஞ்சு தொப்பி போட்டுகிட்டு நிக்கிற போட்டோவ ஃபேமிலி குரூப்ல போட்டான், அன்னைல இருந்து என் வீட்டுக்காரர் அவன்கிட்ட பேசுறதில்ல. "உயிர காப்பாத்துறேன்னு சொல்லி படிச்சவன் காசுக்காக ரோட்ல நிக்கலாமா"ன்னு கேக்குறார். அவர் ரிடையர்ட் வாத்தியார், அவரே 2003 ஸ்ட்ரைக்ல டிஸ்மிஸ் ஆகி, மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்து திரும்ப சேர்ந்தவர்தான். எனக்கு விசாவ புடுங்கிடுவாங்களோன்னு பயம் வேற. பையன் செய்றது சரியா தப்பா? இவருக்கு நான் என்ன சொல்ல?
— ஒரு அம்மா, பாளையங்கோட்டை

பதில்:

அம்மா, முதல்ல அந்த விசா பயத்த இறக்கி வைங்க. அங்க முறைப்படி ஓட்டெடுப்பு நடத்தி, நோட்டீஸ் குடுத்து நடக்குற ஸ்ட்ரைக்ல வெளிநாட்டுக்காரங்களும் கலந்துக்கலாம். சம்பளமில்லாம நாலு வாரத்துக்கு மேல லீவு போனா விசாவுக்கு சிக்கல் வரும்னு ஒரு ரூல் இருக்கு, உங்க காதுல விழுந்தது அதுவா இருக்கலாம், ஆனா சட்டப்படி நடக்குற ஸ்ட்ரைக் நாளு அந்த கணக்குல சேராது. அந்த நாளுக்கு சம்பளம் பிடிப்பாங்க, அது உண்டு. பையன் டிரெய்னிங் போஸ்ட்ல இருந்தா மட்டும் எல்லா லீவும் சேத்து வருஷத்துக்கு 14 நாளுக்கு மேல போச்சுன்னா டிரெய்னிங்க நீட்டிக்கணுமான்னு பாப்பாங்க, அதனால எத்தன நாள் ஆச்சுன்னு குறிச்சு வச்சுக்க சொல்லுங்க.

இப்ப சரியா தப்பாங்கிற கேள்வி. நான் 31 வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ, ஸ்ட்ரைக் நாள உள்ள இருந்து பாத்திருக்கேன். எமர்ஜென்சி ஓடும், பிரசவம் ஓடும், ஓ.பி. மட்டும் மூடிருக்கும். ஒரு தடவ ஒரு பெரியவர் முதல் பஸ்ஸ புடிச்சு வந்தவரு, கையில ஓ.பி. சீட்ட வச்சுகிட்டு படிக்கட்டுலயே உக்காந்திருந்தாரு, மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல, இன்னைக்கு டாக்டர் வர மாட்டாங்க ஐயான்னு நான்தான் போய் சொன்னேன். "நேத்தே சொல்லிருந்தா பஸ் காசாவது மிஞ்சிருக்கும்லம்மா"ன்னாரு. அத நெனச்சா இப்பவும் மனசு பிசையும். அதனால ஸ்ட்ரைக்னா நோயாளிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அதே பெரியவரு இன்னொரு நாள் வந்து, 24 மணி நேரமா தூங்காத ஒரு டாக்டர் பையன் கைல மாட்டிருந்தா என்ன ஆகிருக்கும்னும் எனக்கு தெரியும். அதையும் பாத்திருக்கேன், தூக்க கலக்கத்துல மருந்து அளவ மாத்தி எழுதுன கேஸ் ஷீட்ட நானே திரும்ப கொண்டு போய் காட்டி திருத்தி வாங்கிருக்கேன். ஸ்ட்ரைக்கால வர்ற கஷ்டம் பேப்பர்ல வரும், இது எங்கயும் வராது.

உங்க பையன் ஊர்ல இந்த சண்டை எங்க இருந்து வருதுன்னு சார் புரிஞ்சுகிட்டா கொஞ்சம் இறங்கி வருவார்னு நெனைக்கிறேன். காண்ட்ராக்ட்னு சொன்னதும் நமக்கு தற்காலிக வேலைதான் ஞாபகம் வரும். அங்க அது வேற, ராத்திரி வேலைன்னா எந்த மணில இருந்து எந்த மணி வரைக்கும், சனி ஞாயிறுக்கு எவ்வளவு, ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் எத்தன மணி நேரம்னு எல்லா ஜூனியர் டாக்டருக்கும் சேத்து போடுற ஒரே ஒப்பந்தம். ஜூனியர்னா சின்ன பசங்கன்னு நெனைக்காதீங்க, கன்சல்டன்ட், அதாவது பெரிய டாக்டர் ஆகுற வரைக்கும் பத்து வருஷம் வேலை பாத்தவரும் ஜூனியர்தான், 2024 செப்டம்பர்லதான் அந்த பேர ரெசிடென்ட் டாக்டர்னு மாத்துனாங்க.

2015ல சுகாதார அமைச்சரா இருந்த ஜெரமி ஹன்ட் அந்த ஒப்பந்தத்த மாத்தணும்னார். வாரம் ஏழு நாளும் ஆஸ்பத்திரி ஒரே மாதிரி நடக்கணும்னு காரணம் சொன்னாங்க. அதுவரைக்கும் திங்கள்ல இருந்து வெள்ளி, காலைல 7 மணில இருந்து ராத்திரி 7 மணி வரைக்கும்தான் சாதாரண நேரம், அத சனிக்கிழமையும் சேத்து ராத்திரி 10 மணி வரைக்கும் இழுக்குறதா முதல்ல சொன்னாங்க. அதாவது சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வார்டுல நிக்கிறதும் செவ்வாக்கிழமை காலைல நிக்கிறதும் ஒண்ணுதான்னு கணக்கு. அங்கத்த டாக்டருங்க சங்கமான பி.எம்.ஏ. ஓட்டெடுப்பு நடத்துனப்ப ஓட்டு போட்டவங்கள்ல 98 சதவீதம் பேர் ஸ்ட்ரைக்குன்னு சொன்னாங்க. 2016 ஜனவரி 12ல தொடங்குச்சு, அங்க ஜூனியர் டாக்டர்கள் ஸ்ட்ரைக் பண்ணி அதுக்கு முன்னாடி 40 வருஷம் ஆகிருந்துச்சு. முதல்ல எமர்ஜென்சி வேலைய மட்டும் நிறுத்தாமதான் பண்ணாங்க, ஏப்ரல் 26, 27 ரெண்டு நாள் மட்டும் காலைல 8ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் எமர்ஜென்சில இருந்தும் வெளிய வந்துட்டாங்க. பெரிய டாக்டருங்க, கன்சல்டன்ட்டுங்க, உள்ள நின்னு சமாளிச்சாங்க. அந்த வருஷ ஸ்ட்ரைக்குகள பத்தி பின்னாடி ஆராய்ச்சி பண்ணி பாத்தப்ப, அப்பாயின்ட்மென்ட்டும் ஆபரேஷனும் ஏகப்பட்டது தள்ளிப் போச்சு, ஆனா சாவு எண்ணிக்கை குறிப்பிட்டு சொல்ற அளவுக்கு ஏறலன்னு வந்துச்சு. அப்படியே இருந்தாலும் அந்த ரெண்டு நாள எனக்கு இன்னும் மனசு ஏத்துக்கல, எமர்ஜென்சி வாசல்ல இருந்து நகரக் கூடாதுங்கிறது எனக்கு ஊறிப்போன விஷயம்.

அந்த ஸ்ட்ரைக் ஜெயிச்சுதான்னு கேட்டா, பேசி முடிச்ச ஒப்பந்தத்த ஜூலைல 58 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க, அரசாங்கம் அப்படியே திணிச்சுடுச்சு, திருத்தி எழுதி டாக்டருங்க ஒத்துகிட்டது 2019லதான். ஆனா அந்த சண்டைல வந்த ஒண்ணு இன்னைக்கும் இருக்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிலயும் வேலை நேரத்த கண்காணிக்கன்னே ஒருத்தர் இருக்கணும், டியூட்டி நேரம் தாண்டி வேலை வாங்குனா டாக்டர் அத பதிவு பண்ணலாம். உங்க பையன் இப்ப அந்த ஏற்பாட்டுக்கு கீழதான் வேலை பாக்குறான்.

இப்ப நடக்குறது சம்பள ஸ்ட்ரைக்தானே, காசுக்குத்தானேன்னு சார் கேப்பார். ஆமா, காசுக்குத்தான், அத மூடி மறைக்க வேண்டியதில்ல. 2008ல இருந்து விலைவாசி ஏறுன அளவுக்கு சம்பளம் ஏறல, 2023க்குள்ள கால்வாசிக்கு மேல தேஞ்சு போச்சுங்கிறது சங்கத்தோட கணக்கு, அரசாங்கம் அந்த கணக்கு போடுற முறைய ஒத்துக்கல. 2023 மார்ச்ல இருந்து பல தடவ ஸ்ட்ரைக் நடந்து, 2024 செப்டம்பர்ல ரெண்டு வருஷத்துக்கு சேத்து சராசரியா 22 சதவீதம் ஏத்தி முடிச்சாங்க, 2025ல 5.4 சதவீதம் போதாதுன்னு மறுபடியும் ஆரம்பிச்சுது. இதுக்கு நடுவுல லட்சக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் தள்ளிப் போச்சு, முட்டி வலியோட அடுத்த தேதிக்கு காத்துகிட்டு இருக்கறவங்க பாடு சாதாரணமில்ல. ஆனா சம்பளமும் நோயாளி பாதுகாப்பும் வேற வேறன்னு பிரிக்க என்னால முடியல. சம்பளம் கட்டுப்படியாகாதவன் ஆஸ்திரேலியாவுக்கு போயிடுவான், மிச்சம் இருக்கறவன் தலைல அவன் டியூட்டியும் விழும், தூக்கமில்லாத அந்த ராத்திரிய பத்திதான் மேல சொன்னேன்.

அதுக்காக டாக்டருங்க பண்ற எல்லா ஸ்ட்ரைக்கும் நியாயம்னு நான் சொல்ல வரல. 1962 ஜூலைல கனடாவுல சஸ்காட்சுவான் மாகாணத்துல எல்லாருக்கும் அரசாங்க மருத்துவ காப்பீடு வரக் கூடாதுன்னு டாக்டருங்க 23 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, ஏழைக்கு கிடைக்க இருந்தத தடுக்க பண்ணது, அது தப்பு. கென்யாவுல வேற கதை, 2013ல கையெழுத்து போட்ட ஒப்பந்தத்த அரசாங்கம் நிறைவேத்தவே இல்ல, 2016 டிசம்பர்ல டாக்டருங்க இறங்கி 100 நாள் நின்னாங்க, சங்க தலைவருங்கள ஜெயில்ல வேற போட்டாங்க. அங்க டாக்டருங்க பக்கம்தான் நியாயம், ஆனாலும் அந்த 100 நாளும் பிரைவேட்டுக்கு போக வழியில்லாத ஜனம்தான் கஷ்டப்பட்டுச்சு. எழுதி கையெழுத்து போட்டத மதிச்சிருந்தா அந்த 100 நாளே வந்திருக்காது.

உங்க பையன் விஷயத்துல ஓட்டெடுப்பு நடந்திருக்கு, ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தேதி சொல்லிருக்காங்க, எமர்ஜென்சிக்கு பெரிய டாக்டருங்க நிக்கிறாங்க. என்னோட பெரியவருக்கு கிடைக்காத அந்த "நேத்தே சொல்லிருந்தா" அங்க கிடைக்குது, எனக்கு அது பெரிய விஷயம். அதனால என்னைக் கேட்டா பையன் செய்றது தப்பில்ல. ஒண்ணே ஒண்ணு அவன்கிட்ட கேளுங்க. அங்க 2025ல பத்தாயிரம் ஸ்பெஷாலிட்டி டிரெய்னிங் இடத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல போட்டி, அதுவும் இந்த தகராறுல ஒரு பாதி, அந்த ஊர்ல படிச்சவங்களுக்கே முன்னுரிமை குடுக்கணுங்கிற பேச்சும் அப்ப அதுலதான் அடிபட்டுச்சு. தொப்பி போட்டு நிக்கிறவன் அவனுக்கு அதுல என்ன ஆகும்னு சங்கத்துகிட்ட கேட்டானா? விசாவ விட இதுதான் நீங்க கவலப்பட வேண்டிய விஷயம்.

இனி சார். நீங்க ஒரு வரில எழுதிட்டு தாண்டி போயிட்டீங்க, எனக்கு உங்க கடிதமே அந்த வரிதான்னு தோணுச்சு. 2003 ஜூலைல தமிழ்நாட்டுல அரசு ஊழியர், ஆசிரியர் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சு சில நாளுக்குள்ள 1.7 லட்சம் பேருக்கு வேலை போச்சு, ஆகஸ்ட் 6ல சுப்ரீம் கோர்ட் அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ண சட்டப்படியும் உரிமை இல்ல, தார்மீகமாவும் உரிமை இல்லன்னு சொல்லிடுச்சு, நிபந்தனையில்லாம மன்னிப்பு எழுதிக் குடுத்து, இனிமே பண்ண மாட்டேன்னு உறுதி சொல்லித்தான் திரும்ப உள்ள போனாங்க. எங்க தெருவுலயே ரெண்டு டீச்சர் வீடு, அந்த மாசம் பூரா வாசல்ல கோலம் இல்ல. தன்னோட நியாயத்துக்காக நின்னவர் கைலயே நான் செஞ்சது தப்புன்னு எழுதி வாங்குனா அது அவருக்குள்ள எவ்வளவு ஆழமா போயிருக்கும். சார் பையன் மேல கோவப்படலம்மா, அவன் கையாலயும் ஒரு நாள் அப்படி எழுதி வாங்கிடுவாங்களோன்னு பயப்படுறார். பயத்த வெளிய சொல்ல தெரியாம காசு கீசுன்னு திட்டுறார்.

அதனால ஸ்ட்ரைக் சரியா தப்பான்னு அவர்கிட்ட வாதாட போகாதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பையன் நைட் டியூட்டி முடிச்சு தூங்கி எந்திரிச்சிருக்குற நேரமா பாத்து, போன் போட்டு சார் கைல குடுத்துட்டு நீங்க அடுப்படிக்கு போயிடுங்க. அந்த கடிதத்த எங்க உக்காந்து எழுதுனார், எழுதிட்டு வீட்டுக்கு எப்படி வந்தார்னு சார் அவன்கிட்ட சொல்லட்டும். பையனுக்கு அப்ப ஆறு வயசு, அப்பாவுக்கு அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னே அவனுக்கு தெரியாம இருக்கும்.