புராஸ்டேட் புற்றுநோயும் பரவலை அடக்கும் மரபணுக்களும்

புற்றுநோயை அடக்கும் மரபணுவும் பரவலை அடக்கும் மரபணுவும் ஒன்றுதானா? (வாசகர், திருமங்கலம்)

இல்லை. பி53, பிடென் போன்ற புற்றுநோயை அடக்கும் மரபணுக்கள் செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காப்பவை; அவை பழுதடைந்தால் கட்டி உருவாகி வளரும். பரவலை அடக்கும் மரபணுக்களோ, முதற்கட்டியின் வளர்ச்சியில் பெரிதும் தலையிடாமல், அதிலிருந்து பிரிந்த செல்கள் வேறிடத்தில் வேரூன்றுவதைத் தடுக்கின்றன. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பியான புராஸ்டேட்டைப் பொறுத்தவரை, 1995இல் அறிவிக்கப்பட்ட கேஏஐ-1 என்ற மரபணு இவ்வகையில் முக்கியமானது. தீவிரமாகப் பரவக்கூடிய எலியின் புராஸ்டேட் புற்றுச் செல்களுக்குள் மனிதரின் 11ஆம் குரோமோசோமைச் செலுத்தியபோது, கட்டி வளர்ந்தபோதிலும் நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது; அதற்குக் காரணமான மரபணுவைத் தேடிச் சென்றவர்களுக்குக் கிடைத்ததுதான் இது. இதன் புரதம் செல்லின் மேலுறையில் அமர்ந்து, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதையும் நகர்வதையும் நெறிப்படுத்துகிறது. முற்றிய நோயில் இப்புரதம் குறைந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் மரபணு சிதைந்திருப்பதில்லை, செயலடங்கியே இருக்கிறது. செயலடங்கியதை மீண்டும் எழுப்ப வாய்ப்புண்டு என்பதால் இந்த வேறுபாட்டை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

என் தந்தைக்கு முதுகெலும்பில் பரவியிருப்பதாக மதுரையில் சொன்னார்கள். ஏன் எலும்புக்கு? (வாசகர், உசிலம்பட்டி)

புராஸ்டேட்டைச் சூழ்ந்த சிரைகள், வால்வுகளற்ற முதுகெலும்புச் சிரைகளோடு இணைந்திருக்கின்றன. மேலும், எலும்பு மஜ்ஜை இச்செல்கள் தங்கி வளர ஏற்ற சூழலைத் தருகிறது. தந்தைக்கு முதுகுவலியுடன் கால் பலவீனமோ சிறுநீர் அடைப்போ தோன்றினால், தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இந்நோய் வந்தது. நான் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா? (வாசகர், மேலூர்)

கேஏஐ-1 குறைவது கட்டிக்குள் நிகழ்வது, பரம்பரையாக வருவதன்று. பிஆர்சிஏ-2 என்ற, புற்றுநோயை அடக்கும் மரபணுவில் உள்ள பழுதோ பெற்றோர் வழியே வரக்கூடியது. நோய் வரும் வாய்ப்பையும் அதன் தீவிரத்தையும் அது கூட்டுகிறது. முதலில் நோயுற்ற அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ பரிசோதிப்பதே நல்லது. பழுது இருந்தால், பரவிய நிலையில் ஓலாபரிப் போன்ற மருந்துகள் பயன்படலாம். பழுதுள்ளவரின் மகனுக்கும் மகளுக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. நம் வீடுகளில் ஆண்களின் நோயைப் பற்றி மருத்துவர் விசாரிக்கும்போது, அத்தைக்கு வந்த மார்பகப் புற்றுநோயை யாரும் குறிப்பிடுவதில்லை. தயவுசெய்து அதையும் சொல்லுங்கள். இதே மரபணுதான் அங்கும் காரணமாக இருக்கலாம்.

கருஞ்சீரகக் கஷாயம் அடக்கி மரபணுக்களைத் தூண்டுமா? (வாசகர், அலங்காநல்லூர்)

அதை நம்பி ஹார்மோன் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். கஷாயம் ஏதேனும் குடித்து வந்தால் அதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவியுங்கள்.