ஷார்ஜாவுக்குப் புதிதாக வந்த களியக்காவிளைத் தம்பிக்கு: எங்கே கையை இறுக்கக் கூடாது

தம்பி, உன் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவும். கேரள எல்லையை ஒட்டிய நம்ம குமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து ஷார்ஜாவுக்கு எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வாங்கிய கடன் ஊரில் மூன்று வட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது இருக்கும் பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்குகிற ரூமில் வாடகைக்கு எடுத்த ஒரு கட்டில், மலிவு, ஆனால் தூக்கம் கிடையாது. மாதம் 200 திர்ஹம் கூடுதலாகக் கொடுத்தால் வேறொரு நல்ல ரூம் கிடைக்கும். கூட இருக்கிறவர்களோ "சம்பாதிக்க வந்தவனுக்குச் சொகுசு எதுக்கு" என்கிறார்கள். ஒவ்வொரு திர்ஹமையும் எண்ணிச் செலவழிக்கிறவன் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று கேட்கிறாய்.

ரூமை மாற்று. அது சொகுசு இல்லை.

உங்க அப்பா அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் இந்தக் கணக்கு உன் வீட்டிலேயே இருக்கிறது. மழை தொடங்குமுன் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக் கட்டிப் பசை பூசி ரெயின்கார்டு போடுவார்களே, அதற்குச் சின்னச் செலவா ஆகிறது? ஒரு ரூபாயை நாலு தடவை திருப்பிப் பார்க்கிறவர்கள்தான் அதைச் செய்கிறார்கள். நம்ம மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசியில் வருகிற துலா மழையும் உண்டு. பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. ரெயின்கார்டு போட்டவருக்கு அந்த நாள் கையில் நிற்கும். அதே ஆள் ரப்பர் விலை விழுந்து கிடக்கிற வருஷத்தில் போடாமல் விடுவார், ஏனென்றால் மிஞ்சுகிற நாளின் வருமானம் போட்ட காசைத் தாங்காது. நான் சிக்கனம் என்று நம்புவது இதைத்தான். எவ்வளவு ஆகிறது என்பதோடு கணக்கை நிறுத்தக் கூடாது, அது எத்தனை வேலை நாளைக் காப்பாற்றித் தரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே உன் மரம் உன் உடம்புதான். நீ தூக்கமில்லாமல் போய் நிற்பது டீக்கடையில் இல்லை, டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்கு முன்னால். கண் சொருகுகிற நேரத்தில் எந்த பிரேக்கரை அணைத்தோம் என்பதில் ஒரு தடவை சந்தேகம் வந்தால் போதும், அதன் விலையை 200 திர்ஹமில் அளக்க முடியாது. ஆனால் 200 திர்ஹம் இன்றைய மாற்று விலைக்கு நாலாயிரத்து ஐநூறு ரூபாயைத் தாண்டும், அதனால் கண்ணை மூடிக்கொண்டும் கொடுக்காதே. ரூமை ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார். பகல் ஷிப்ட்காரர்களும் ராத்திரி ஷிப்ட்காரர்களும் கலந்திருக்கிற ரூம் என்றால் விளக்கு அணையவே அணையாது, அங்கே 200 கொடுத்தும் பயனில்லை. கட்டில் சட்டத்தின் இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் தேடு. பலகை வைத்துத் தடுத்த பார்ட்டிஷனாக இருந்தால் வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் வெளியே வர வழியிருக்காது, நகராட்சிக்காரர்கள் சோதனைக்கு வந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும். கம்பெனி வண்டி வந்து ஏற்றுகிற இடத்துக்கு நடந்து போகிற தூரமா என்றும் பார். வேலை துபாயில் என்றால் காலையில் ஷார்ஜாவிலிருந்து போகிற ரோடு எப்படி நிற்கும் என்பது இதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கக் கிடைத்தாலே அந்தக் காசில் பாதி திரும்பி வந்தது போலத்தான்.

அடுத்தது மல்டிமீட்டர். கம்பெனி நல்லது கொடுத்தால் சரி. கொடுக்காமல் நீயே வாங்குகிற நிலை வந்தால், இருபது திர்ஹத்துக்குக் கிடைக்கிற மஞ்சள் மீட்டரைத் தொடாதே. கட்டிடத்துக்குள் போர்டிலும் நிரந்தர வயரிங்கிலும் வேலை செய்கிறவனுக்குக் குறைந்தது 'கேட் 3, 600 வோல்ட்' (CAT III 600V) என்கிற பாதுகாப்புத் தரம் வேண்டும். மீட்டரின் மேல் அச்சடித்தால் மட்டும் போதாது, பெயர் உள்ள கம்பெனிப் பொருளாக இருக்க வேண்டும். மலிவான மீட்டரில் உள்ளே ஒழுங்கான பியூஸ் இருப்பதில்லை. லைனில் திடீரென்று ஒரு மின்னெழுச்சி வந்தால் அது கையிலேயே வெடிக்கலாம். ஸ்க்ரூடிரைவரும் 1000 வோல்ட் முத்திரை போட்டதாகப் பார்த்து வாங்கு. சேப்டி ஷூ கம்பெனி தர வேண்டிய பொருள். சைஸ் பொருந்தாததை உன் தலையில் கட்டினால் வெட்கப்படாமல் மாற்றித் தரக் கேள்.

சாப்பாட்டில் நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் ரூமிலும் சேரலாம், மலையாளி ரூமிலும் சேரலாம், இரண்டு மொழியும் வரும். எந்த மெஸ்ஸில் தினமும் காய்கறியும் வாரத்தில் சில நாள் மீனும் போடுகிறார்களோ அதில் சேர். ஐம்பது திர்ஹம் கூடினாலும் பரவாயில்லை. குப்பூஸ் என்கிற அரபு ரொட்டியும் தயிருமாகப் பல மாதம் ஓட்டிக் காசு மிச்சம் பிடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வெகேஷனில் ஊருக்குப் போனதும் அந்தக் காசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. வெயில் அவ்வளவு கடுமை. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகக் கல் வரலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

காப்பீட்டைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஷார்ஜாவில் தனியார் வேலைக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம், செலவு முதலாளியுடையது. உன் சம்பளத்தில் பிடித்தால் கேள். வேலை இழப்புக் காப்பீட்டை மட்டும் நீதான் கட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரைக்கும் மாதம் 5 திர்ஹம்தான். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டியிருந்து, உன் தப்பு இல்லாமல் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். நீயாக ராஜினாமா செய்தால் கிடையாது. கட்டாமல் விட்டால் 400 திர்ஹம் அபராதம். பல்லுக்கு இங்குள்ள அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஊருக்குப் போகும்போது வலி இல்லாவிட்டாலும் மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ பல்லைக் காட்டிச் சொத்தையை அடைத்துவிட்டு வா.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரு டிக்கெட் காசைத் தனியாக வை. திருவனந்தபுரத்துக்கு இன்றைக்கே ஏற வேண்டும் என்றால் என்ன விலை சொல்வார்களோ அந்த விலைக்கு. ஓண நேரத்திலும் ஸ்கூல் லீவிலும் அது சாதாரண நாளின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரை ஏறும். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒன்று ஆகிவிட்டால் அந்த நேரத்தில் யாரிடம் கேட்பாய்? சேர்த்து வைத்ததையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டு, அடக்கத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டு ரூமில் உட்கார்ந்திருந்த மனிதர்களை எனக்குத் தெரியும். பிறகு எவ்வளவு சம்பாதித்தும் அவர்களுக்கு அது ஆறவில்லை. இந்தக் காசை வட்டிக்கடனுக்குக்கூட எடுக்காதே. வீட்டுக்கு இப்படி ஒரு தொகை இருப்பதைச் சொல்லவும் வேண்டாம், சொன்னால் ஏதாவது ஒரு தேவை வந்துவிடும். சாதாரண வெகேஷனுக்குப் போகும்போதும் நேர் விமானத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடு. முப்பது நாள் லீவில் ஒரு நாளை வேறு நாட்டு ஏர்போர்ட்டில் கழிப்பது லாபம் இல்லை.

இத்தனைக்கும் காசு எங்கிருந்து வரும்? தவணையில் போன் வாங்காதே. முதல் வெகேஷனுக்குப் பெட்டி நிறையச் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுபோகிற வழக்கத்தை நீயாவது நிறுத்து. யாருக்கும் அது மறுவாரம் நினைவிருக்காது. ஊருக்கு மாதம் மூன்று தடவை சின்னச் சின்னதாக அனுப்பாமல் ஒரே தடவையாக அனுப்பு, கட்டணம் மிஞ்சும். மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு முப்பத்தாறு. எந்தச் சிட் பண்டும் எந்த நகைச்சீட்டும் அவ்வளவு தராது. அதனால் தூக்கம், சாப்பாடு, மீட்டர், டிக்கெட் காசு, இந்த நாலும் போக மிச்சம் எல்லாம் கடனுக்கு. வீட்டுக்கு மாடி எடுக்கிற பேச்சு அப்புறம்.

கடன் முடிந்ததும் டிரைவிங் லைசென்ஸ் எடு. கிளாஸும் டெஸ்டும் சேர்த்துப் பல ஆயிரம் திர்ஹம் ஆகும், உன் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்குச் சம்பளமும் வேறு, வேலை கிடைக்கிற வேகமும் வேறு. சில கம்பெனிகள் இந்தச் செலவில் பங்கு ஏற்கும். கேட்டுப் பார். கொடுத்தால் எத்தனை வருஷம் அங்கேயே நிற்க வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடு.