கேரியரில் திரும்பி வந்த சர்க்கரை

மதிப்பிற்குரிய ஐயா,

என்னோடு 31 ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் பணியாற்றிய நண்பருக்கு நுரையீரலில் புற்றுநோய். 21 நாட்களுக்கு ஒருமுறை, புதன்கிழமையில் மருந்து ஏற்றுகிறார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டில் அவரும் அவருடைய மனைவியும் மட்டுமே. செவ்வாயும் வெள்ளியும் நானே சமைத்து எடுத்துச் செல்கிறேன். வெள்ளிக்கிழமை ஆட்டுக்கால் சூப் தவறாது. ஆறிவிடக் கூடாது என்று ஆட்டோவில் விரைகிறேன். அவரோ இரண்டு வாய்க்கு மேல் உண்பதில்லை. உணவின் மணமே ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். மனம் தளர்ந்துவிட்டாரோ என்று அஞ்சுகிறேன். கேழ்வரகு, அரிசி இவற்றுள் எது அவருக்கு வலுவூட்டும்? கடையில் விற்கும் சத்துமாவு கொடுக்கலாமா? சென்ற வாரம் அவருடைய மனைவி கேரியரைக் கழுவி, உள்ளே சர்க்கரை போட்டுத் திருப்பித் தந்தார். அந்த நிலையிலும் அவர் காட்டிய பண்பு என்னை நெகிழ வைத்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நெகிழ்ந்த அந்த இடத்தைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கைக்கு வந்துவிடும் வழக்கம். நல்ல நாட்களில் அது அழகானதும்கூட. ஆனால் இரவெல்லாம் கணவரின் இருமலுக்கும் வாந்திக்கும் எழுந்து எழுந்து படுத்த ஒரு பெண், காலையில் உங்கள் கேரியரைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்து, ஈரம் துடைத்து, சர்க்கரை டப்பாவையும் தேடி எடுத்திருக்கிறார். அதைப் பண்பு என்று பாராட்டுவதற்கு முன்னால், அந்த வேலையை அவருக்கு வைத்தது யார் என்று நீங்கள் உங்களையே கேட்டிருக்க வேண்டும்.

இதைக் கடுமையாகச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் இதே தவற்றை உங்களுக்கு முன்பே நான் செய்திருக்கிறேன். 2009இல் மதுரையில் என் நண்பர் ஒருவருக்குத் தொண்டையில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்தது. வாரத்துக்கு 5 நாள், 7 வாரம், மொத்தம் 35 முறை. முதல் வாரம் அந்த வீட்டில் உணவுக்குப் பஞ்சமே இல்லை. உறவினர், அலுவலகத்தார், அடுத்த தெருக்காரர் என்று ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்தார்கள். அவர் நன்றாக விழுங்க முடிந்த வாரமும் அதுதான். மூன்றாம் வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகி, எச்சில் பசைபோலக் கெட்டிப்பட்டு, எதைத் தின்றாலும் மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கியபோது, வருகிறவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். ஆனால் அடுக்களை மேடையில் பாத்திரங்கள் மட்டும் குறையவில்லை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயர் வெட்டியிருந்தது. எது யாருடையது, எதன் மூடி எங்கே, யாருக்கு இன்னும் திருப்பித் தரவில்லை என்ற கணக்கை அவருடைய மனைவி மருந்து வேளைகளோடு சேர்த்து மனத்தில் சுமந்துகொண்டிருந்தார். அந்த நாட்களில் ஒருநாள், எங்கள் கேரியரின் மேல்மூடி மாறி வந்துவிட்டது என்று நானே வாசலில் நின்று கேட்டேன் என்பதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. “அண்ணே, சாப்பாடு வேண்டாம்னு சொல்லலை. பாத்திரம்தான் வேண்டாம்” என்றார்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அரிசியையும் பருப்பையும் பையில் எடுத்துக்கொண்டு காலை 11 மணிக்கு அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் குக்கரிலேயே குழைய வைத்து, அவர்கள் தட்டிலேயே மசித்து நெய்விட்டுக் கொடுத்து, தேய்க்க வேண்டியதைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வருவேன். தாளிப்பு வாடை அவருக்குக் குமட்டியதால் தாளிப்பே கிடையாது. நோயாளி என்றால் ரசம் என்று பழகிய கை நம்முடையது. ஆனால் புண்ணான தொண்டைக்குப் புளியும் மிளகும் தக்காளியும் நெருப்பு என்பதை அந்த வீட்டில்தான் கற்றேன். ஆவி பறக்கும் காபியையே காபி என்று ஒப்புக்கொள்ளும் அந்த மனிதர், கடைசி வாரங்களில் நன்றாக ஆறிய பாலைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உங்கள் சூப்பின் சூட்டைப் பற்றியும் அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு மணம் எழும். குமட்டல் உள்ளவருக்கு அந்த மணமே பகை. புற்றுநோய் மருந்துகளில் பல, நாக்கில் உலோகம் பட்டாற்போன்ற கசப்பையும் உண்டாக்குகின்றன. எவர்சில்வர் கரண்டியை விட்டுவிட்டு மரக்கரண்டியிலோ பீங்கானிலோ உண்டால் சிலருக்குச் சற்று எளிதாகிறது. எனவே சூடாக என்பதைச் சுடச்சுட என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போது சமைத்தது, வெதுவெதுப்பாக ஆறியது, அவர் பசிக்கும் வேளைக்கு வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மதியம் முழுதும் மூடி வைத்துவிட்டு இரவில் சுட வைப்பது கூடவே கூடாது. சோறு வெந்த பின்னும் சாகாமல் கிடக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, அறைச்சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடலுக்கு அது நம்மைப் போன்றவர்களின் ஒருநாள் வயிற்றுக் கோளாறாக முடியாது. 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னிக்கும் இதுவே.

கேழ்வரகா அரிசியா என்பதை அவருடைய மருத்துவமனையின் உணவியலாளரிடம் கேளுங்கள். சத்துமாவையும் அங்கேயே கேளுங்கள். மனம் தளர்ந்துவிட்டாரோ என்ற ஐயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உண்ண முடியாதவரை உண்ண மனமில்லாதவர் என்று நாம் எண்ணத் தொடங்கினால், நம் திருப்திக்காக அவர் விழுங்கிக் காட்ட வேண்டியதாகிவிடும்.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரணப் பணி பின்னர் மலப்புரத்து ஊர்களில் அண்டை அயலாரின் வலையமைப்பாக விரிந்தபோது, தொண்டர்களிடம் அவர்கள் கேட்டது வாரத்துக்கு 2 மணி நேரம்தான். அதைத் தரக்கூடியவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்த பிறகே வீடுகளுக்கு அனுப்பினார்கள். நாமோ பயிற்சியும் இல்லாமல், நேரமும் கேட்காமல், கேரியரோடு வாசலில் போய் நிற்கிறோம். உங்கள் நண்பர் வீட்டுக்கு வேறு யார் யார் உணவு கொண்டு வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர்களை நீங்கள் அழைத்துப் பேசி நாட்களைப் பங்கிட்டுக்கொண்டால், அந்த அம்மையார் ஐந்து பேருக்குத் தனித்தனியாகத் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டியிராது.

ஒன்றை நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்கவில்லை. மருந்து ஏற்றுவது புதன்கிழமை. சில மருந்துகளில் குமட்டல் அன்றைக்கே அடங்கிவிடாமல் இரண்டாம் மூன்றாம் நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும். அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, அவருடைய 21 நாட்களில் மிக மோசமான நாளாக இருக்கக்கூடிய ஒன்றில், நீங்கள் ஆட்டுக்கால் சூப்பை ஆவி பறக்கக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே திறக்கிறீர்கள். உங்கள் சமையலில் குறை இல்லை. உங்கள் நாட்காட்டியில்தான் இருக்கிறது.

மருந்து ஏற்றும் வாரத்தில் வெள்ளிக்கிழமை வேண்டாம். அந்த வாரம் தண்ணீராகக் கரைத்த நொய்க்கஞ்சியும் இட்லியும் போதும், அதுவும் அவர் கேட்டால். இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ அவருக்கு வாய் தெளிந்த பிறகு, எத்தனை மணிக்கு வரலாம் என்று அவருடைய மனைவியிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டு, சூப்பைக் கொண்டு போங்கள். அப்போது குடிப்பார் என்றே நினைக்கிறேன். உங்கள் கேரியர் ஏதும் இப்போது அங்கே இருந்தால், நாளைக்கே போய் அதைக் கழுவாமல் வாங்கி வந்துவிடுங்கள்.