108-ஆம் ரெஜிமென்ட் எங்கே போனது?

போத்தனூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் கொள்ளுப்பாட்டியின் அப்பா பிரிட்டிஷ் சிப்பாய். 1866-ஆம் வருஷத்துக் கல்யாணப் பதிவின் நகலில் 'பிரைவேட், 108-ஆம் ரெஜிமென்ட்' என்று இருக்கிறது. அது ஐரிஷ் ரெஜிமென்ட், 1922-இல் கலைத்துவிட்டார்கள், ரெக்கார்டு லேசில் கிடைக்காது, 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வில்லங்கம்.

ரீ-சர்வேக்குப் பிறகு பழைய சர்வே எண்ணை வைத்து நிலம் தேடியிருக்கிறீர்களா? இதுவும் அப்படித்தான். 1881 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் காலாட்படையின் எண்களை எடுத்துவிட்டு, பெரும்பாலும் இரண்டிரண்டு ரெஜிமென்ட்டுகளாகச் சேர்த்து ஊர்ப்பெயர் வைத்தார்கள். உங்கள் 108, கிழக்கிந்திய கம்பெனி மதராஸ் ராணுவத்துக்காக 1850-களில் ஐரோப்பியர்களை வைத்துத் திரட்டிய படை. கம்பெனி ஆட்சி முடிந்ததும் ராணியின் ராணுவத்துக்கு மாறி, 1862-இல் இந்த எண்ணைப் பெற்றது. 1881-இல் அதை அயர்லாந்தின் வடக்கைச் சேர்ந்த 27-ஆம் இன்னிஸ்கிலிங் ரெஜிமென்ட்டோடு இணைத்து, ராயல் இன்னிஸ்கிலிங் ஃபியூசிலியர்ஸின் இரண்டாவது பட்டாலியன் ஆக்கினார்கள். அதாவது, ஐரிஷ் முத்திரை விழுந்ததே உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பதினைந்து வருஷம் கழித்து. ரெஜிமென்ட்டின் பெயரைப் பார்த்துத் தாத்தாவை ஐரிஷ்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சரி, 1922? அயர்லாந்து பிரிந்தபோது தென் அயர்லாந்தின் ஐந்து காலாட்படை ரெஜிமென்ட்டுகளைக் கலைத்தார்கள். மதராஸிலிருந்தே போன 102 அப்படித்தான் டப்ளின் ஃபியூசிலியர்ஸோடு மறைந்தது. இன்னிஸ்கிலிங் வடக்கைச் சேர்ந்தது, தப்பித்தது. ஆனால் முழுசாகத் தப்பவில்லை. அதன் இரண்டாவது பட்டாலியனை, அதாவது உங்கள் பழைய 108-ஐ, அதே வருஷம் கலைத்துவிட்டார்கள். ரெஜிமென்ட் இருக்கிறது, அதில் உங்கள் பாதி இல்லை. அப்புறம் 1937-இல் இரண்டாவது பட்டாலியனைத் திரும்ப எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மறுபடி ஒரே பட்டாலியன். 1968-இல் ராயல் ஐரிஷ் ரேஞ்சர்ஸ், 1992-இல் ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட். இந்தக் கடைசிப் பெயர், 1922-இல் கலைத்த இன்னொரு ரெஜிமென்ட்டின் பெயரும்கூட! வேறு பெயரா கிடைக்கவில்லை? ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

படை கலைந்தால் காகிதம் காணாமல் போகாது. சிப்பாயின் ஏடுகள் ரெஜிமென்ட்டில் இருப்பதில்லை, அதனால் ரெஜிமென்ட்டுக்குக் கடிதம் எழுதி ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். தாத்தா கம்பெனி காலத்திலேயே சேர்ந்திருந்தால், சேர்ந்த விவரம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த அலுவலகம்) ஆவணங்களில் இருக்கும். 1862-க்குப் பிறகு என்றால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர்த்துறை) 97 என்பது ஓய்வூதியம் பெற்றவர்களின் கட்டு. ஓய்வூதியம் வாங்காமல் இறந்தவரோ பாதியில் விலகியவரோ அதில் இருக்க மாட்டார். அதில் இல்லை என்றதும் "ரெக்கார்டே இல்லை" என்று கைவிரிப்பார்கள். நம்பாதீர்கள். டபிள்யூ.ஓ. 12 சம்பளப் பட்டியலில் ஒவ்வொரு சிப்பாயின் பெயரும் இருக்கும். வாங்காத பென்ஷனுக்கு ஏடு இல்லை, வாங்கிய சம்பளத்துக்கு உண்டு.

மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கமான ஃபிபிஸின் இணையதளத்தில் பெயர் தேட ஒரு காசு வேண்டாம். முதலில் அங்கே போங்கள். பெயரை நாலு விதமாக எழுத்து மாற்றித் தேடுங்கள், குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவையோ 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலில் விழுந்து, மாதக்கணக்கில் படுத்தே கிடந்தது. உலகத்தின் பாதியை ஆண்டவர்கள்!

இன்னொன்று. கண்ணாடிச் சட்டம் போட்ட 'குலச் சான்றிதழ்', கோட்டைச் சின்னம் பொறித்த தொப்பி பேட்ஜ் என்று எதையாவது சேர்த்துத் தள்ளப் பார்ப்பார்கள். கோட்டை இன்னிஸ்கிலிங்கின் சின்னம். 1866-இல் உங்கள் தாத்தா அதை அணிந்திருக்க வழியே இல்லை. பித்தளை பளபளவென்று இருந்தால், பெரும்பாலும் போன வருஷம் அச்சடித்தது. நானும் ஒரு காலத்தில் இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன், மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

108 என்ற எண்ணை 18-ஆம் நூற்றாண்டில் வேறு படைகளும் வைத்திருந்தன. பிற்பாடு இந்திய ராணுவத்திலும் ஒரு 108 இருந்தது. அதனால் யாரிடம் பேசினாலும் 1866 என்ற வருஷத்தைச் சேர்த்தே சொல்லுங்கள். ஏஜென்ட் மறுபடி வந்தால், எந்தக் காப்பகம், எந்த வரிசை, எந்தக் கட்டு எண் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால், அந்தக் கட்டின் நகலை நீங்களே காப்பகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.