தீருவைக் குறித்த வாக்கு நிறைவேறியதா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். என் கணவர் இளமையில் காப்பி மூட்டை சுமந்து, பிறகு மேஸ்திரியாகி ஓய்வுபெற்றவர். வேதம் வாசிக்காமல் ஒரு நாளும் படுக்கமாட்டார். சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகன், “தீரு பட்டணம் இனிக் கட்டப்படாது என்று எசேக்கியேல் 26ஆம் அதிகாரம் சொல்கிறது, அந்த ஊர் இன்றும் இருக்கிறது, ஆகவே வேதமே பொய்” என்கிறான். அலெக்சாந்தர் மூலம் அது எழுத்துக்கு எழுத்து நிறைவேறிவிட்டது என்கிறார் என் கணவர். இரண்டு மாதமாக இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. யார் சொல்வது சரி?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கணவர் காட்டும் சான்று எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. கி.மு. 332இல் அலெக்சாந்தர் முற்றுகையிட்டபோது தீரு கரையிலிருந்து விலகிய ஒரு தீவில் இருந்தது. கரையிலிருந்த பழைய ஊரின் இடிபாடுகளை வாரிக் கடலில் கொட்டி, தீவு வரைக்கும் பாதை போட்டு, ஏழு மாதத்தில் அவன் அதைப் பிடித்தான். உன் கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரில் போடுவார்கள் என்னும் 26ஆம் அதிகாரத்து வாக்கை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு உடல் சிலிர்ப்பது இயல்பே. அந்தப் பாதையின் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து, அன்றைய தீவு இன்று கரையோடு ஒட்டிய நிலமாகிவிட்டது.

ஆனால் தங்கள் மகன் சொல்வதும் உண்மைதான். அலெக்சாந்தருக்குப் பிறகு அந்த ஊர் மறுபடியும் எழுந்தது. பவுல் அங்கே இறங்கி, சீடர்களோடு ஏழு நாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரமே சொல்கிறது. இன்றும் சூர் என்ற பெயரில் லெபனானின் தென்கடற்கரையில் மக்கள் நிறைந்து வாழும் ஊர் அது. அதன் தொல்லிடங்களை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கரையிலிருந்த ஊர்தான் திரும்பக் கட்டப்படவில்லை, தீவைப் பற்றி வாக்கு பேசவில்லை என்று சிலர் விளக்கம் தருவதுண்டு. தீரு வலை விரிக்கும் இடமாகும், அதுவும் ‘கடலின் நடுவிலே’ என்று அதே அதிகாரத்தின் 5ஆம் வசனம் சொல்லும்போது அந்த விளக்கம் எனக்கு நிற்பதாகத் தெரியவில்லை.

தந்தையும் மகனும் சேர்ந்து படிக்கவேண்டிய பக்கம் வேறொன்று இருக்கிறது. 26ஆம் அதிகாரம் தீருவின் மேல் வரப்போகிறவன் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரை. அலெக்சாந்தரின் பெயர் அதில் இல்லை. நேபுகாத்நேச்சாரின் முற்றுகை 13 ஆண்டுகள் நீடித்தது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார்; ஆயினும் தீவு நகரம் தரைமட்டமாகவில்லை. இதை நமக்குச் சொல்ல வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. முதல் வாக்கு எசேக்கியேலின் கணக்கில் 11ஆம் வருஷத்தைச் சேர்ந்தது; 27ஆம் வருஷத்துத் தேதியிட்டு, அதே நூலின் 29ஆம் அதிகாரத்தில் அவரே மீண்டும் பேசுகிறார். தீருவின் முன்னே செய்த கடும் ஊழியத்தில் படைவீரர் ஒவ்வொருவரின் தலையும் மொட்டையாயிற்று, ஒவ்வொருவரின் தோள்பட்டையும் தோல் உரிந்துபோயிற்று, அப்படியிருந்தும் அரசனுக்கோ படைக்கோ கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்து கொடுக்கப்படும் என்கிறார். மூட்டையின் சணல் உரசி உரசித் தோள் தேய்ந்த ஒருவருக்கு இந்த வசனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. சேலத்தில் பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அலெக்சாந்தரின் கதையை மட்டும் சொல்லி, இந்தப் பக்கத்தைத் திறக்காமலே விட்டவன் நான். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே என் கணிப்பைச் சொல்கிறேன். கற்களும் மண்ணும் கடலில் விழுந்தது நடந்தது. நேபுகாத்நேச்சார் மதில்களை இடித்து, வாசல்களுக்குள் புகுந்து கொள்ளையிடுவான் என்றது சொன்னபடி நடக்கவில்லை. இனிக் கட்டப்படாய் என்றதும் நேர்ப்பொருளில் நடக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து என்று தங்கள் கணவர் சொல்வதை இதனால் என்னால் ஏற்க முடியவில்லை. அதேசமயம், தன் வாக்குக்கு இடறலாக இருக்கும் செய்தியை அழிக்காமல் தானே பதிந்துவைத்த ஒரு நூலை மகன் பொய் என்பது அவசரம். அறிவித்த தண்டனை, மக்கள் மனந்திரும்பினால் நீங்கும் என்று எரேமியா 18ஆம் அதிகாரம் தீர்க்கதரிசன வாக்கின் தன்மையையே விளக்குகிறது. நினிவேக்கு 40 நாள் கெடு வைத்த யோனாவின் கதையும் அப்படியே. தீரு மனந்திரும்பியதாக வேதத்தில் எங்கும் இல்லை என்பதால் இதைத் தீருவுக்கு முழு விடையாக நான் நீட்டமாட்டேன். ஆனால் ஒரு வாக்கை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எடைபோட முடியாது. உதாரணமாக, 1947 முதல் சாக்கடல் அருகேயுள்ள கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் இயேசுவுக்கு முந்திய ஏசாயாச் சுருள் ஒன்று இருப்பதால், இயேசுவின் பாடுகளை முன்னறிவிப்பதாகக் கிறிஸ்தவர் கொள்ளும் ஏசாயா 53ஆம் அதிகாரத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் வரும் தாசன் மேசியாவா, இஸ்ரவேல் மக்களா என்ற வாதம் மட்டும் கிறிஸ்தவருக்கும் யூதருக்கும் இடையே இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு வாக்கையும் தனித்தனியே, அது எப்போது எழுதப்பட்டது, உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், சோறு பரிமாறும் முன் இருவரையும் உட்கார வையுங்கள். 26ஆம் அதிகாரத்தை மகன் வாசிக்கட்டும். 29ஆம் அதிகாரத்தில் 17 முதல் 20 வரையுள்ள வசனங்களைத் தங்கள் கணவர் உரக்க வாசிக்கட்டும். தோள்பட்டையைப் பற்றிய வரி வரும்போது, தோட்டத்தில் மூட்டை சுமந்த நாட்களைப் பற்றி மகன் அப்பாவிடம் கேட்கட்டும். அலெக்சாந்தரைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.