கொழும்பு லீவும் டயட்டும்: உங்கட கேள்விக்கு

தங்கச்சி, ஆறு மாசமா கஷ்டப்பட்டு 8 கிலோ குறைச்சனான், இப்ப ரெண்டு கிழமை வெள்ளவத்தையில மாமி வீட்ட நிக்கப்போறன், எல்லாம் திரும்பி வந்திடுமோ எண்டு பயமா இருக்கு எண்டு எழுதியிருந்தீங்க. பயப்பிடாதீங்கோ. சாப்பாட்டுக்கு முதல் தேத்தண்ணியப் பாருங்கோ, போற வீடெல்லாம் தருவினம், கப்புக்கு மூண்டு தேக்கரண்டி சீனி, ஒரு கரண்டி 4 கிராம் எண்டா அஞ்சு கப்புல 60 கிராம் ஆச்சு, உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்ச அளவே ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 50 கிராம்தான். மாமிட்ட முதல் நாளே "எனக்கு சீனி வேணாம் மாமி" எண்டு சொல்லிடுங்கோ, ஊத்தித் தந்தாப்பிறகு சொன்னா அவவுக்கு மனம் நோகும். காலமைல சிவப்பு அரிசிமா இடியப்பம் நாலு, சொதி கொஞ்சம், வல்லாரைச் சம்பல் தாராளமா. கொத்து ரொட்டி சாப்பிடாம மட்டும் போகாதீங்கோ, ஆனா ரெண்டு பேருக்கு ஒண்டு போதும், சீஸ் வேணாம், கல்லுல கொத்தும்போதே மரக்கறி கூடப் போடச் சொன்னா போட்டுத் தருவாங்க. பின்னேரத்துல மரீன் டிரைவ்ல நடங்கோ. காலிமுகத்திடலுக்குப் போனா இறால் வடை ஒண்டு, சோடாவுக்குப் பதிலா செவ்விளநீர். வந்து ரெண்டு நாளால எப்பிடிப் போகுது எண்டு கட்டாயம் எழுதுங்கோ, பாத்துக்கொண்டிருப்பன்.